ஊட்டியில் பெயர் தெரியாத பறவையை அடையாளம் காண்பது எப்படி?

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏரி, ரோஜாத் தோட்டம், சாக்லேட் கடை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்குமே இல்லாத ஒரு பறவை, அதே ஊரின் சாலையோரப் புதரில் பழம் கொத்திக்கொண்டிருக்கும். இரண்டு காலைப்பொழுதுகளை ஒதுக்குங்கள். அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

1. புறப்படும் முன்

சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி என்கிற சின்னான், மைனா, காகம் ஆகிய நான்கையும் உங்கள் ஊரிலேயே நன்றாகப் பார்த்து வையுங்கள். மலையில் இவைதான் உங்கள் அளவுகோல். 'சிறிய பறவை' என்று எழுதினால் பயனில்லை. 'சிட்டுக்குருவியைவிடப் பெரியது, மைனாவைவிடச் சிறியது' என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது.

பைனாகுலர் 8 மடங்கு பெரிதாக்கினால் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். சிறு நோட்டும் பென்சிலும் அவசியம். மூடுபனியில் தாள் ஈரமாகிப் பேனா மை பரவும், பென்சில் எழுத்து நிற்கும். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கேட்கிறார்கள், அதையும் எடுத்துவிடுங்கள்.

2. ஓர் இடத்தில் உட்காருங்கள்

தொட்டபெட்டா சாலையோரமோ தாவரவியல் பூங்காவின் மேல்பகுதியோ, மரமும் புதரும் கலந்த இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காலையிலேயே போய் இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் செம்மீசைச் சின்னானாக இருக்கும். ஊரில் பார்த்த சின்னானோடு ஒப்பிடுங்கள்: கொண்டை இன்னும் கூர்மை, கன்னம் வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு. இந்த ஒப்பீடு கைவந்தால் மற்றவை எளிது.

3. போனைத் தொடும் முன் எழுதுங்கள்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் முதல் பயணத்தில் பனிக்குள் இருந்த ஒரு பறவையைப் படமாக எடுத்துத் தள்ளினேன்; ஒரு வரிகூட எழுதவில்லை. வீட்டில் பார்த்தால் எல்லாப் படத்திலும் கறுப்பு நிழல்தான். அது என்ன பறவை என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

அளவு, அலகு, முகம், வயிறு, இருந்த இடம், செய்த வேலை, குரல் என்ற வரிசையில் பாருங்கள். முகத்தில் சற்று அதிக நேரம் கண்ணை நிறுத்துங்கள். என் நோட்டில் உள்ள ஒரு குறிப்பு:

'சின்னான் அளவு. கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. தொண்டை கறுப்பு. வயிறு செம்பழுப்பு. நாலைந்து சேர்ந்து புதருக்குள். ஒன்று கத்தியதும் எல்லாம் சேர்ந்து சிரிப்பு.'

இவ்வளவு இருந்தால் எந்தப் பறவைக் கையேடும் உங்களை நீலகிரிச் சிரிப்பானிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். தொடக்கத்தில் சொன்ன பறவை இதுதான். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் போன்ற இலவசச் செயலிகளை அதற்குப் பிறகு திறந்து சரிபாருங்கள்.

4. ஊர்ப்பெயரைக் கட்டாயம் குறியுங்கள்

கொடைக்கானலிலும் இதே போன்ற சிரிப்பைக் கேட்கலாம். ஆனால் அங்கே மார்பு சாம்பல், தொண்டையில் கறுப்பு இல்லை. அது பழனிச் சிரிப்பான், தனி இனம். குளிர்ந்த மலையுச்சிகளில் உள்ள சோலைக்காட்டுப் பறவைகள் வெப்பமான சமவெளியில் இறங்கிக் கடந்து போவதில்லை. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் என்ற தாழ்வான இடைவெளி குறுக்கிட்டதால், இரு பக்கத்து உறவுகளும் காலப்போக்கில் வேறாகிவிட்டன. எனக்கு இந்த மலைகளிலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

5. காதையும் பழக்குங்கள்

விடியலில் ஓடைப் பக்கம் ஒரு சிறுவன் மெட்டுத் தெரியாமல் விசிலடிப்பதுபோல் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. அதை அழைக்கப் போனில் அதன் குரலை ஒலிக்கவிடாதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது அலையும்.

6. இரண்டாம் நாள்

புதிய இடம் தேட வேண்டாம். அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போங்கள். நேற்று 'தெரியவில்லை' என்று எழுதிய பறவை பெரும்பாலும் அதே புதருக்குத்தான் வரும். அப்போது விடுபட்ட வரியை மட்டும் நிரப்பினால் போதும்.