புதிய நாடு அரசியலமைப்பை எழுதி அரசை நிறுவும் முறை

விடுதலை பெற்ற நாடு, புதிய சட்டங்கள் வரும் வரை பழைய சட்டங்களே செல்லும் என்று முதலில் அறிவித்து, நீதிமன்றங்களும் வரி வசூலும் நின்றுவிடாமல் காக்க வேண்டும். அடுத்து, அரசியலமைப்பை எழுதி நிறைவேற்றும் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடத்த வேண்டும். அதை, கட்சிகள் பெறும் வாக்குகளின் விகிதத்தில் இடங்களைப் பகிரும் விகிதாசார முறையில் நடத்தினால் சிறிய கட்சிகளுக்கும் இடம் கிடைக்கும்.

வரைவுக் குழு எழுதத் தொடங்கும் முன்பே, எவரும் மீறக்கூடாத கொள்கைகளை எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்வது நல்லது. தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்பு இத்தகைய 34 கொள்கைகளை வகுத்திருந்தது. 1996இல் சபை நிறைவேற்றிய வரைவு அவற்றுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. சபை அதைத் திருத்திய பின்னரே, அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. தேர்தலில் வென்ற பெரும்பான்மையையும் கட்டுப்படுத்திய இந்த ஏற்பாடு எந்தப் புதிய நாடும் பின்பற்றத்தக்கது என்பேன்.

கொடி, சின்னம் பற்றிய விவாதத்தை விரைவில் முடித்துவிட்டு, ஆட்சித் தலைவரை நீக்கும் வழி, நெருக்கடி நிலையின் கால வரம்பு, நீதிபதிகள் நியமனம், திருத்தத்துக்குத் தேவையான பெரும்பான்மை ஆகியவற்றில் சொல் சொல்லாக நேரம் செலவிட வேண்டும்.

வரைவு நிறைவேறியதும் அரசு அமைய வேண்டும். கிழக்குத் திமோரில் 2001இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 88 உறுப்பினர் சபையே, 2002 மே 20இல் நாடு விடுதலை பெற்றபோது நாடாளுமன்றமாக மாறியது. இவ்வழி இரண்டாவது தேர்தலின் செலவைத் தவிர்க்கிறது. ஆனால் விதி எழுதியவர்களே பதவியிலும் அமர்வதால், அடுத்த தேர்தலுக்கான காலக்கெடுவை இடைக்கால விதிகளிலேயே எழுதிவிட வேண்டும். பின்னர், நாடாளுமன்ற முறையாயின், பெரும்பான்மை ஆதரவுள்ளவரை அரசுத் தலைவர் அழைக்க, அவர் அமைச்சரவையுடன் பதவியேற்று, குறித்த நாளுக்குள் அவையின் நம்பிக்கையைப் பெற வேண்டும்.