பிடித்ததைப் பிடித்தவருக்குக் கொடுப்பது எப்படி

"அக்கா, நல்ல புத்தகம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால் உடனே பெயரைச் சொல்லிவிடாதீர்கள். கடைசியாக எதை முழுசாகப் படித்தீர்கள், எதைப் பாதியில் மூடி வைத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். மூடி வைத்ததைப் பற்றிப் பேசும்போதுதான் ஆள் பிடிபடுவார். "எழுத்து ரொம்பப் பொடிசு", "யார் யாருக்கு என்ன உறவுன்னே புரியல", "பிள்ளைங்க தூங்கினப்புறம் பத்து நிமிஷம்தான் கிடைக்குது" என்று காரணம் வரும். பத்து நிமிடம்தான் உண்டு என்பவர் கையில் தடித்த நாவலைத் திணிப்பது பாவம். ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து, அதில் ஒரே ஒரு கதைக்கு அடையாளம் வைத்து, "இது மட்டும் போதும்" என்று கொடுங்கள்.

படத்துக்கும் இதே கேள்விதான். சாப்பாட்டுக்கு மட்டும் வேறு: எதைச் சாப்பிட மாட்டீர்கள்? இதைக் கேட்காமல் யாரையும் எந்தக் கடைக்கும் கூட்டிப் போகக்கூடாது.

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்கின் பதிவு மேசையில் வேலை செய்கிறேன். காத்திருக்கிற நேரத்தில் ஜனங்கள் பேசுவது பெரும்பாலும் சாப்பாடும் படமும்தான். பள்ளி விடுமுறை வந்தால் ஈப்போ, கிள்ளான், கோலாலம்பூர் என்று சொந்தங்கள் வந்து தங்குவார்கள். இத்தனை பேருக்கும் எனக்குப் பிடித்ததைக் கொடுத்துப் பழகியதில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பிடித்ததை ஊருக்கே பொதுவாகச் சொன்னால் அது எவரிடமும் தங்காது. ஆளைப் பார்த்து, அவருக்கென்று ஒன்றைத் தேர்ந்து, அவர் நுழையக்கூடிய இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க வேண்டும்.

சாப்பாட்டில் தொடங்குகிறேன், பினாங்குக்கு வருகிறவர்கள் அங்கேதான் தொடங்குவார்கள்.

சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் நாசி கண்டார் கடைக்கு ஒருவரை முதல்முறையாக அழைத்துப் போகிறீர்கள் என்று வையுங்கள். வரிசை இருக்கும். அந்த வரிசைதான் கதை சொல்லும் இடம். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பைச் சுமந்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தொங்கவிட்டு, துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கு விற்றதை அப்போது சொல்லுங்கள். கேம்பல் வீதியில் இருக்கும் ஹமீதியா 1907இல் தொடங்கிய கடை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தட்டு வந்த பிறகு வரலாறு வேண்டாம், சோறு ஆறிவிடும்.

தட்டில் என்ன வைப்பது என்பதை முதல் தடவை நீங்களே முடிவு செய்யுங்கள். வெள்ளைச் சோறு, பொரித்த கோழி ஒரு துண்டு, இரண்டு வெண்டைக்காய், மேலே குழம்பு எல்லாம் கலந்து. இவ்வளவுதான். இறால், கணவாய், மீன் முட்டை என்று அடுக்கினால் காசும் ஏறும், எதன் ருசியும் மனத்தில் நிற்காது. நாசி கண்டாரின் உயிர் அந்தக் கலவையில் இருக்கிறது. கோழிக் குழம்பும் மீன் குழம்பும் கறுப்பாக, லேசாக இனிக்கும் குழம்பும் சோற்றின் மேல் ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் ஒரு கவளம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கவளம் பிடித்துவிட்டால் இறாலை அடுத்த தடவை அவரே கேட்பார்.

இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம்மில் பலர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள், அதன் குழம்பும் பட்டிருக்கக்கூடாது என்பார்கள். குழம்பைக் கலக்கும் கரண்டி எல்லாப் பாத்திரத்துக்கும் போய் வருவது. முதலிலேயே, சோறு போடும் முன்பே, "மாட்டுக் குழம்பு வேணாம் பாய்" என்று சொல்லிவிடுங்கள். பரிமாறுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "ஜாங்கான் தாரோ குவா டாகிங்" என்று மலாயில் சொல்லுங்கள். கரண்டியே பொது என்பது மனத்தை உறுத்துகிறவர் என்றால் அவரை அந்தக் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். உங்களுக்கு எவ்வளவு பிடித்தாலும் சரி. பக்திக்கும் நாக்குக்கும் நடுவே விருந்தாளியை நிறுத்தி வைப்பது அன்பில் சேராது.

லக்சாவுக்கு வேறு வழி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அசாம் லக்சாவை நூடுல்ஸ் என்று அறிமுகப்படுத்தினால் ஏமாந்துபோவார்கள். மீன் குழம்பு என்று தொடங்குங்கள். கெம்போங் மீனை அவித்து உதிர்த்து, புளி சேர்த்துக் கொதிக்கவைத்த சாறு, தடித்த அரிசிச் சேமியா, மேலே வெள்ளரிக்காய், அன்னாசி, வெங்காயம், புதினா. நமக்குப் புளியும் மீனும் தெரிந்த கூட்டுதானே. தெரியாதது புங்கா காந்தான் பூவின் வாசமும் டாவுன் கெசோம் இலையின் காரமும்தான். கறுப்பாகக் கூழ் போல இருக்கும் இறால் விழுதை மட்டும் தனிக் கரண்டியில் தரச் சொல்லுங்கள். அது முதல் வாயிலேயே கலந்து வந்தால் பலர் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார்கள். சாற்றைத் தனியாக இரண்டு வாய் குடித்துவிட்டு, பிறகு துளித் துளியாக விழுதைச் சேர்த்துப் பார்க்கட்டும்.

இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் மிச்சத்தை நீங்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம், அவருக்கும் மனக்கஷ்டம் இல்லை. "ரெண்டாவது தடவை சாப்பிட்டா பிடிக்கும்" என்று வற்புறுத்தாதீர்கள். முதல் வாய் எடுக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். பார்க்கிறோம் என்று தெரிந்தால் ஜனங்கள் நமக்காக ருசிப்பார்கள். தெருவைப் பாருங்கள், தே ஓ (பால் இல்லாத தேநீர்) சொல்லுங்கள், அவருக்கும் கிண்ணத்துக்கும் கொஞ்சம் தனிமை கொடுங்கள்.

புத்தகத்துக்கு வருகிறேன். எனக்கு உயிரான நாவல் ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வந்தது. சிங்காரம் சுமத்ராவில் இருக்கும் மேடான் நகரில் ஒரு கடையில் வேலை பார்த்தவர், கதையும் மேடானில் தொடங்கி, ஜப்பானியர் காலத்தில் நடந்து, கடல் தாண்டிப் பினாங்குக்கும் வருகிறது. நான் தினமும் நடக்கிற ஊர் இவ்வளவு பெரிய தமிழ் நாவலுக்குள் இருக்கிறது என்பதே எனக்குப் பெருமை. ஆனால் முதல் பக்கத்திலிருந்து படி என்று கொடுத்தால் பெரும்பாலோர் சில பக்கங்களில் நின்றுவிடுகிறார்கள். ஆட்கள், தெருக்கள், பழைய நினைவுகள் எல்லாம் ஒன்றாக வந்து மோதும்.

அதனால் நடுவிலிருந்து கொடுங்கள். சுமத்ராவிலிருந்து பினாங்குக்கு வரும் தொங்கான், அதாவது சரக்கு ஏற்றும் மரக்கப்பல், புயலில் மாட்டிக்கொள்ளும் பகுதி தனியாகவே நிற்கக்கூடியது. என் அண்ணன் மகன் கைத்தொலைபேசியைத் தவிர வேறு எதையும் வாசிக்காத பையன். பட்டர்வொர்த் ஃபெரிக்காகத் துறையில் காத்திருந்தபோது அந்தப் பகுதியை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சத்தமாக வாசிக்க வேண்டிய எழுத்து அது. வாக்கியங்கள் அலை மாதிரியே ஏறி இறங்கும். ஃபெரி வந்ததும் மூடி வைத்தேன். "அத்தை, ஆளுங்க பொழச்சாங்களா?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் புத்தகத்தை அவன் பையில் போட்டேன்.

நடுவிலிருந்து தொடங்குவது எழுத்தாளருக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புயலைப் பார்த்தவன் அந்தத் தொங்கானில் ஏறியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள முதல் பக்கத்துக்குத் தானே போவான். இன்னொன்று, கதை நெடுக மலாய்ச் சொற்கள் வரும். தமிழ்நாட்டு வாசகர்கள் அங்கே தடுக்குவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பேச்சு. அதைச் சொல்லியே கொடுங்கள்: "இந்தியாவுல இருக்கிறவங்களுக்குப் புரியாதது உனக்குப் புரியும்."

இரவல் கொடுக்கும் புத்தகம் வேறு, வீட்டில் வைத்துக்கொள்ளும் புத்தகம் வேறாக இருக்கட்டும். மிகவும் பிடித்த நூலுக்கு இரண்டு பிரதி வாங்குங்கள். உள்ளே ஒரு துண்டுத் தாளில் பக்க எண்ணும் ஒரு வரியும் எழுதி வையுங்கள். கொடுத்த பிறகு "படிச்சிட்டியா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நம்மைப் பார்ப்பதையே தவிர்க்கிறவர்கள் உண்டு.

எல்லாப் புத்தகத்தையும் உற்சாகமாகக் கொடுக்க முடியாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' எனக்கு மிக முக்கியமான நாவல். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த, சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் திரும்பி வராத ஒருவர் இருக்கிறார். ஆகவே இதை எவருக்கும் "அருமையா இருக்கும், படிங்க" என்று நீட்டக்கூடாது. "உங்க வீட்டுல யாராச்சும் சயாமுக்குப் போனாங்களா?" என்று முதலில் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் அப்படித்தான் கேட்டேன். அன்று அவர்தான் பேசினார், அவர் தாத்தாவைப் பற்றி, வெகுநேரம். புத்தகத்தை நான் எடுக்கவே இல்லை. சில வாரம் கழித்து அவரே வந்து வாங்கிப் போனார்.

படம் காட்டுவது சுலபம் போலத் தெரியும், ஆனால் பேசிப் பேசியே கெடுத்துவிடுகிறோம். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்த நம் நாட்டுப் படம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், தொண்ணூறுகளின் தொடக்கம், அப்போய் என்கிற பையன், கண்டிப்பான அப்பா, தவறான வழியில் போகும் சித்தப்பா. இதைக் காட்டும் முன் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: எந்தக் காலத்துக் கதை, அடிதடியும் வன்முறையும் எவ்வளவு இருக்கும். இரண்டாவது அவசியம், சின்னப் பிள்ளைகளோடு உட்காருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "இப்ப வர்ற சீனைப் பாருங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லாதீர்கள். விருந்தாளி தமிழ்நாட்டுக்காரர் என்றால் நம் பேச்சு காதில் படிய முதல் பத்து நிமிடம் ஆகும். அதுவரை நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்.

படம் முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான் வரும். "அந்த அப்பா மேல கோபம் வந்துச்சா, பாவமா இருந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் இந்தக் கேள்வியில் நள்ளிரவு வரை வாதாடினார்கள். அப்பாவின் பக்கம் அண்ணன் நின்றார், அது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதி அனுப்புவதென்றால் "செம", "வேற லெவல்", "கட்டாயம் பாருங்க" மூன்றையும் நீக்குங்கள். அவை எல்லாப் படத்துக்கும் பொருந்துகிறவை, அதனால் எதையும் சொல்லாதவை. "அக்கா, இந்தப் படத்துல ஒரு பையன் பள்ளிக்கூடத்துல எழுதின கட்டுரைக்குத் திட்டு வாங்குவான். எனக்கு உங்க மகன் ஞாபகம் வந்துச்சு" என்று எழுதினால் அந்த அக்கா பார்ப்பார். ஒருவருக்கு அனுப்புங்கள். ஐம்பது பேர் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டால் கைதட்டும் இமோஜிகள்தான் வரும்.

திரும்ப வாங்கிக்கொள்ளவும் வேண்டும். என் நாத்தனாருக்குக் கொரியத் தொடர்கள் என்றால் உயிர். எனக்கு ஆர்வம் இருந்ததில்லை. அவர் சொன்ன ஒன்றை முழுசாகப் பார்த்தேன், சமையல்காரக் கிழவி ஒருத்தி வரும் இடங்கள் நிஜமாகவே பிடித்துப்போயின, அவரிடம் அதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நான் கொடுத்த சிறுகதையை அவர் திறந்தார்.

அடுத்த மாதம் கிள்ளானிலிருந்து பெரியம்மா வீட்டார் வருகிறார்கள். அண்ணன் காணொளி பார்த்து எட்டுக் கடைப் பெயர் அனுப்பியிருக்கிறார். அதில் நாசி கண்டாரையும் லக்சாவையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்று பேசிவிட்டேன். அண்ணன் மகள் நான்காம் படிவம் (பத்தாம் வகுப்பு மாதிரி) படிக்கிறாள், திகில் கதை கேட்கிறாள், அவளுக்காக ஒரு தொகுப்பில் தாள் வைத்தாயிற்று. பெரியம்மா சுத்த சைவம். அவருக்குக் காலையில் பசியாற இடியாப்பம், துருவிய தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் தூவி. விற்கிற அண்ணன் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) ஏழு மணிக்கு முன்பே மோட்டாரில் வந்து போய்விடுவார், பெரியம்மாவை நேரத்தோடு எழுப்ப வேண்டும்.