உலர்த்திய சாப்பாட்டை முகாமில் சமைப்பது: தண்ணீர்க் கணக்கும் ஊறும் நேரமும்

வீட்டில் சமைத்து, உணவை உலர்த்தும் கருவியான டீஹைட்ரேட்டரில் காயவைத்த சாப்பாடு ஏற்கெனவே வெந்தது. மலையேற்ற முகாமில் அதை மறுபடி வேகவைக்க வேண்டியதில்லை. காயும்போது போன தண்ணீரைத் திரும்ப உள்ளே ஏற்றினால் போதும். கேஸ் தீரத் தீர எரித்தும் சோற்றுப் பருக்கை நறுக்கென்று கடிபட்டால், அது ஊறாத குறைதான்.

தண்ணீர்க் கணக்கை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். சமைத்ததைத் தட்டில் பரப்புமுன் ஒருமுறை, காய்ந்தபின் ஒருமுறை எடை பாருங்கள். 420 கிராம் 130 கிராமாகக் குறைந்திருந்தால் போன தண்ணீர் 290 கிராம், அதாவது 290 மில்லி. கொதிக்கும்போது ஆவியாவதற்கு 40 மில்லி கூட்டி, பையின் மேல் மார்க்கரில் 330 மில்லி என்று எழுதிவையுங்கள். எடை பார்க்க முடியாமல் போனால், காய்ந்தது எத்தனை கப்போ அத்தனை கப் தண்ணீரில் தொடங்கி, போதாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். எடுத்ததுமே அதிகம் ஊற்றாதீர்கள், வற்றவைப்பதற்குள் அடிபிடித்துவிடும்.

முகாமுக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைப்பது. பாத்திரத்தில் சாப்பாட்டைக் கொட்டி, அளந்த தண்ணீரைப் பச்சையாகவே ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். கூடாரம் கட்டும் நேரத்தில் அது தானாக ஊறும். பிறகு அடுப்பேற்றி, அடியோடு கிளறிக்கொண்டே 2 நிமிடம் கொதிக்கவிடுங்கள். டைட்டானியம் பாத்திரத்தின் அடி மெல்லியது. கரண்டி ஓயக் கூடாது. ஓடைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் தளதளவென்று கொதித்தபின் குறைந்தது 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கட்டாயம்.

அடுப்பை அணைத்து மூடிபோட்டு, பாத்திரத்தைத் துண்டு அல்லது ஸ்வெட்டரால் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். பசியில் பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். திறந்ததும் இருப்பதிலேயே பெரிய பீன்ஸை விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெளிறிய கெட்டிப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. 3 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, ஒரு கொதி வந்ததும் மறுபடி சுற்றி 5 நிமிடம் வைத்தால் சரியாகிவிடும்.

உயரம் கூடக் கூடப் பொறுமையும் கூட வேண்டும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதால், 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அங்கே பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம், சுற்றிவைத்து 25 நிமிடம் என்று கணக்கு வையுங்கள். குளிரோ மழையோ, கூடாரத்துக்குள் மட்டும் அடுப்பு வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம்; வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

என்ன செய்தும் மசியாத பொருள்களும் உண்டு. வேகவைக்காமல் காயவைத்த கேரட் ரப்பர் போலவே கிடக்கும். ஆவியில் சில நிமிடம் வைத்துக் காயவைத்திருந்தால் சீக்கிரம் மிருதுவாகும். வெறுமனே காயவைத்த கொத்துக்கறி சரளைக்கல்தான். அரை கிலோ கறிக்கு அரை கப் பிரெட் தூள் பிசைந்து, நன்றாக வேகவைத்துக் காயவைத்தால் தூள் தண்ணீரை இழுத்துக் கறியையும் மெத்தென்று ஆக்கும். நடக்கும்போதே டப்பாவில் ஊறவைக்கும் வழக்கம் காய்கறிக்கு நல்லது. கறி சேர்ந்த சாப்பாட்டை 2 மணி நேரத்துக்கு மேல் அப்படி வைக்காதீர்கள். 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

எண்ணெய் காயாது, பையில் கிடந்து சிக்கு வாடை அடிக்கும். அதனால் வீட்டில் எண்ணெய் சேர்க்காமல் சமைத்து, சின்ன பாட்டிலில் தனியாகக் கொண்டுபோய், பரிமாறும்போது ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி ஊற்றிக் கிளறுங்கள். சீஸ், பால் பவுடரும் அப்போதுதான். முன்னதாகப் போட்டால் அடியில் ஒட்டிக் கருகும்.