விதிகளால் ஆர்டரை இழக்கும் பட்டறைகள்: எங்கே தவறுகிறது?

அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ எந்தப் பட்டறையில் கேட்டாலும், "கவர்மென்ட் ரூல்ஸ்தான் நம்மள முடக்குது" என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, தேர்ந்தெடுக்க இடமிருந்தும் தவறாகத் தேர்ந்தெடுத்தது.

ஜிஎஸ்டியில் கம்போசிஷன் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டும் எளிய திட்டம்) எடுப்பது அப்படி ஒன்று. விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்குள் என்றால் உற்பத்தியாளர் 1 சதவீதம் கட்டினால் போதும், ரிட்டர்ன் தொல்லையும் குறைவு. நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்பவருக்கு இது சரி. கம்பெனிகளுக்குப் பாகம் சப்ளை செய்பவர் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 60,000 ரூபாய்க்கு இரும்பு வாங்கினால் 18 சதவீத வரி 10,800. வழக்கமான முறையில் இருக்கும் பக்கத்துப் பட்டறைக்காரர் அதைக் கழித்துக்கொண்டு பாகத்தை 1,00,000-க்குக் கொடுப்பார்; மேலே போடும் வரியை வாங்குபவர் கழித்துக்கொள்வார். கம்போசிஷனில் இருக்கும் உங்களுக்கோ கழிக்க வழியில்லாததால் 10,800 அடக்கவிலையில் ஏறிவிடும், 1 சதவீதமும் கைக்காசு. அதே லாபத்துக்கு நீங்கள் சுமார் 1,12,000 கேட்க வேண்டும். போதாக்குறைக்கு வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை கூப்பிடு தூரம்தான், ஆனால் அது ஆந்திரா! வெளியேறுவது எளிது: சிஎம்பி-04 படிவம், கையிருப்புச் சரக்கின் வரியை எடுக்க 30 நாளுக்குள் ஐடிசி-01.

பணம் வசூலில்தான் பெரிய ஓட்டை. சிறு, குறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சிட்டிருந்தாலும் 45-க்கு மேல் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு. ஆனால் சரக்கு அனுப்பிய பிறகு உத்யம் பதிவு (சிறு, குறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) வாங்கினால், அந்த பில்லுக்கு இந்தப் பாதுகாப்பு கேட்பது கஷ்டம். பதிவு இலவசம், தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம். உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு சீல் வாங்குங்கள்: 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சரக்கு இறங்கிய நாளே அதை ஏற்றுக்கொண்ட நாளாகக் கணக்கு, கெடு அங்கிருந்தே ஓடும்.

வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயம் நியாயமானது. அதற்கும் மென்மையான வழி உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாக வந்த விதிப்படி, கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31-லும் நின்றால், வாங்குபவர் அந்த ஆண்டு அதைச் செலவாகக் கழிக்க முடியாது. பிப்ரவரியிலேயே அவர்களின் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு பில் எண், தேதி, தொகை, உத்யம் எண் போட்டு ஒரு பட்டியல் அனுப்பினால் போதும், ஆடிட்டரே நெருக்குவார். பணம் வர வேண்டியவர் வெறுமனே வாங்கி விற்கும் வியாபாரி என்றால் இது பொருந்தாது. இந்த விதிக்குப் பயந்து, இதில் வராத நடுத்தர நிறுவனங்கள் பக்கம் ஆர்டரைத் திருப்பும் கம்பெனிகளும் உண்டு.

பிஎஃப் வரம்பு 20 பேர் என்பதால் 19-லேயே நிற்பது, ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு பெயர் வைப்பது: இரண்டுமே வீண். காண்டிராக்டர் ஆட்களும் எண்ணிக்கையில் வருவார்கள்; ஒரே முதலாளி, ஒரே இயந்திரம் என்றால் சேர்த்தே எண்ணுவார்கள்.

லேத் பட்டறையில் எலக்ட்ரோபிளேட்டிங் தொட்டி வைப்பவர்கள் கவனிக்க: அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு வகை, அதாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில். தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே நிறுவுவதற்கான இசைவாணை கையில் இருக்க வேண்டும்.