பழைய வீடு வாங்கும்போது கண்ணில் படாமல் போகும் இடங்கள்

அமெரிக்கா போன்ற நாடுகளில் வீடு கைமாறும் முன் பரிசோதகர் ஒருவர் வந்து, கூரை முதல் கழிவுநீர்க் குழாய் வரை பார்த்து அறிக்கை எழுதித் தருவார். நம் பக்கம் அந்த வேலையை வாங்குகிறவர்தான் ஒரு பொறியாளரையோ, கைப்பக்குவம் உள்ள கொத்தனாரையோ கூட்டிப்போய் முடிக்க வேண்டும். மூலப் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் வக்கீலிடம் காட்டாமல் யாரும் வாங்குவதில்லை. சுவரையும் கூரையும் மட்டும் பட்டாசாலையில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து காபி குடித்தபடியே பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

புது வெள்ளையை நம்புவதுதான் முதல் தவறு. விற்கும் முன் பெயிண்ட் அடிப்பது வழக்கம்தான். ஆனால் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மட்டும் புதுப் பூச்சு தெரிந்தால் காரணத்தைக் கேளுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் தரையின் ஈரம் ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழியில்லாமல், பூச்சுக்கு மேலே ஏறி உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், பிடிப்பு விட்ட இடத்தில் பானையைத் தட்டுவது போலச் சத்தம் மாறும்.

தாமிரபரணிக் கரையோரம் வாங்குகிறவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்பவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. திருநெல்வேலி சந்திப்பு, வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறைப் பக்கம் இது கட்டாயம். சுவர் அலமாரியின் அடித்தட்டு, கதவின் அடிச்சட்டம், தாழ்வாக உள்ள சுவிட்ச் பெட்டியின் திருகாணி இவற்றில் வண்டலும் துருவும் இருக்கிறதா பாருங்கள். வெள்ளையடிக்காத பக்கத்து வீட்டுச் சுவரில் கோடு இன்னும் இருக்கலாம்.

கட்டைமேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் பலரும் கட்டையின் நடுப்பகுதியைப் பார்த்து, 'தேக்கு, அசையாது' என்கிறார்கள். கெடுவது முனைதான். சுவருக்குள் நுழையும் முனையில் காற்று படாது. சுவரின் ஈரம் முழுவதையும் அதுதான் குடிக்கும். ஏணி வைத்து ஏறி, டார்ச் அடித்து, சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். நல்ல மரத்தில் திருப்புளியின் நுனிகூட இறங்காது. அரையங்குலம் மெத்தென்று இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. கீழே மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் வண்டு, மண் கோடு ஏறியிருந்தால் செல் (கரையான்). இரண்டுக்கும் மருந்து வேறு, செலவும் வேறு. நிலைக்காலின் அடியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரல் அறையும் மேற்குச் சுவரில் உள்ள முனைகளை முதலில் பாருங்கள்.

கான்கிரீட் வீட்டில் தளத்தின் அடிப்பக்கம் கம்பி ஓடும் நேர்கோட்டில் விரிசலோ துருக்கறையோ இருந்தால், கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் இது சீக்கிரமே வரும். துருவைச் சுரண்டாமல் மேலே பூசி மறைத்தால் பூச்சோடு சேர்ந்து மறுபடி விழும்.

மானூர், சங்கரன்கோவில் கரிசலில் விரிசல் பார்க்கச் சித்திரை வெயில்தான் சரியான நேரம். மண் சுருங்கி வாய் திறந்திருக்கும். மழைக்குப் பின் மூடிக்கொள்ளும். மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, ஒரு நூலுக்கு (எட்டில் ஒரு அங்குலம்) மேல் அகன்று, சுவரின் மறுபக்கமும் தெரிந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். பொறியாளரைக் கூப்பிடாமல் விலை பேசாதீர்கள்.

மின்சாரத்தில் எர்த் இருக்கிறதா, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மெயின் போர்டில் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். கழிவுநீரை மண்ணில் விடும் உறிஞ்சுகுழி, குடிக்கும் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் முடுக்கு, அதாவது குறுகலான சந்து. மழைத் தண்ணீர் யார் பக்கம் விழுகிறது, நடுச்சுவர் பொதுவா தனியா என்று பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். முடுக்கின் அகலத்தை டேப் பிடித்து அளந்து, பத்திரத்தில் உள்ள அளவோடு ஒத்துப்போன பிறகு முன்பணம் கொடுங்கள்.