பால்வீதி முழுக்கப் பரவ எத்தனை ஆண்டு? நாமே கணக்குப் போடலாம்

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போய்வந்த பிள்ளைகள் மயிலாப்பூரில் என் டியூஷனில் தவறாமல் கேட்கிற கேள்வி இது: நம் சூரியன் இருக்கிற நட்சத்திரக் கூட்டமான பால்வீதி முழுக்க, நட்சத்திரம் நட்சத்திரமாகக் குடியேறிப் பரவ எத்தனை ஆண்டு ஆகும்? நான் பதில் சொல்வதில்லை, ஒரு வெள்ளைத்தாளை எடுக்கச் சொல்வேன். பிளஸ் ஒன் இயற்பியல் தெரிந்தால் போதும்.

முதலில் வேகம். ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும், அதைத் தாண்ட வழியில்லை. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் போவது நொடிக்குச் சுமார் 17 கி.மீ. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஒளியாண்டு) தள்ளியிருக்கும் நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரிக்கு அந்த வேகத்தில் 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் நம் கப்பலின் வேகம் ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஆற்றல். இங்கே அவசரப்படாதீர்கள். இயக்க ஆற்றலுக்கான அரை எம்வி ஸ்கொயர் (½mv²) போட்டால், ஒரே ஒரு கிலோவுக்கு 450 லட்சம் கோடி ஜூல் வரும். 36 லட்சத்தால் வகுத்தால் 12.5 கோடி யூனிட். வீட்டு ஈ.பி. கார்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிற வீடுகள் நாற்பதாயிரத்துக்கும் மேல் ஒரு வருடம் முழுக்கச் செலவழிக்கிற மின்சாரம் அது. ஒரு கிலோ அரிசியை அனுப்ப மட்டும்! போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்க வேண்டுமென்றால் அதற்கான எரிபொருளையும் கிளம்பும்போதே சுமக்க வேண்டும். எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று சொல்கிற சியால்கோவ்ஸ்கியின் 1903 ராக்கெட் சமன்பாட்டில் இன்றைய ராக்கெட் எரிபொருளைப் போட்டால் கால்குலேட்டர் எரர் காட்டிவிடும். காணக்கூடிய பேரண்டத்தின் அணுக்கள் அத்தனையும் சேர்ந்தாலும் போதாது. அணு இணைவு மாதிரி வேறு வழி தேட வேண்டும்.

வழியில் தூசியும் உண்டு. அந்த வேகத்தில் ஒரு மில்லிகிராம் துகள் மோதினால் சுமார் 100 கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடித்த மாதிரி.

பிள்ளைகள் எல்லோரும் விட்டுவிடுவது தங்கும் காலத்தை. ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததற்கு, 10 ஒளியாண்டுக்கு ஒரு தாவல் என்றால் பயணம் 100 ஆண்டு. புது இடத்தில் ஊர் உண்டாகி, தொழில் வளர்ந்து, அடுத்த கப்பல் கட்ட 400 ஆண்டு என்று வையுங்கள். பால்வீதியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. 10,000 தாவல், 50 லட்சம் ஆண்டு.

இப்போது கப்பல் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். 45 லட்சம் ஆண்டு, அவ்வளவுதான் குறைகிறது. பழைய வேகத்திலேயே தங்கும் காலத்தை 100 ஆண்டாக்கினால் 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் ஒளிவேகத்தைவிட வேரூன்றுகிற காலமே பெரிய கடிவாளம் என்று நான் அடித்துச் சொல்கிறேன்.

அடுத்து 400 இருந்த இடத்தில் 4,000 போட்டுப் பாருங்கள். 4.1 கோடி ஆண்டு வரும். டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டு ஆகிறது. பால்வீதிக்கு வயது 1,000 கோடிக்கு மேல். அந்த வயதோடு பார்த்தால் இது சொற்ப காலம்; வேறு யாராவது இருந்தால் இதற்குள் பரவியிருக்கலாம். "அப்படியானால் எல்லோரும் எங்கே?" என்று வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி 1950-இல் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி கேட்டது ஏன் என்பது உங்கள் தாளிலேயே தெரியும்.