தோட்டப்புறத்திலிருந்து தொலைநிலைக் கல்வி: சேருவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் யாராவது "மேலே படிக்கலாம்னு இருக்கேன்" என்று வாயைத் திறந்தால், உடனே வரும் கேள்வி "எந்த கோர்ஸ்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "வாரத்தில் எந்தெந்த மணி நேரம் உன் கையில் இருக்கிறது?" அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் சில ஆண்டுகளாக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். பாதியில் நின்றவர்களில் அறிவு குறைந்தவர் என்று ஒருவரையும் என்னால் சொல்ல முடியாது. எல்லாரும் கணக்குப் போடாமல் இறங்கியவர்கள்.

கணக்கு இதுதான். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு. இணைய வகுப்பு, மோடுல் (பாடப் புத்தகம்) வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். செமஸ்டரை 15 வாரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 8 மணி நேரம். இரண்டு பாடம் எடுத்தால் 16. அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 2 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை 6 மணி நேரம். நான்கு பாடம் எடுத்தால் 32 மணி நேரம். அது இன்னொரு வேலைக்குப் போவது மாதிரி. "சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று முதல் செமஸ்டரிலேயே நான்கு பாடம் எடுப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஆண்டுக்கு மூன்று செமஸ்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு பாடம் என்றால் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்றே ஆண்டு என்று நம்பிச் சேர்ந்தவர்தான் இரண்டாவது ஆண்டில் மனம் உடைகிறார். டிப்ளோமா இருந்தால் சில பாடங்களைக் கழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, அதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

அப்புறம், எத்தனை மணி நேரம் என்பதைப் போலவே அது எப்போது கிடைக்கிறது என்பதும் முக்கியம். பால்மரம் வெட்டப் போகிறவர் விடியுமுன் கிளம்பினாலும் மதியத்துக்கெல்லாம் வீட்டில் இருப்பார். அவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் ஓய்வு. தொழிற்சாலையில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறுகிறவருக்கு மொத்தத்தில் அதே அளவு நேரம் இருக்கலாம், ஆனால் செவ்வாய் இரவு எட்டு மணி வகுப்புக்கு இந்த வாரம் வர முடியும், அடுத்த வாரம் முடியாது. அவர் சேரக்கூடாது என்பதில்லை. வகுப்பு பதிவு செய்யப்படுகிறதா, தேர்வு நாளுக்கு விடுப்பு கிடைக்குமா, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு சேரட்டும். முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் போதும்.

இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தொலைநிலையில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். விடுதிச் செலவு மிச்சம், பிள்ளையும் கண் முன்னால் இருக்கும் என்று பெற்றோர் நினைப்பது புரிகிறது. ஆனால் அந்த வயதில் பள்ளி மணியும் வாத்தியாரும் கூடப் படிக்கிறவர்களும்தான் பாதிப் படிப்பைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவத்துக்குச் செலவு மிகக் குறைவு, அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பும் பொலிடெக்னிக்கும் இருக்கின்றன. அந்தக் கதவுகளைத் தட்டிப் பார்க்காமல் தொலைநிலைக்கு வர வேண்டாம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, சம்பாதித்தே ஆக வேண்டிய பிள்ளை என்றால் கதை வேறு.

தொலைநிலைப் படிப்பு யாருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது என்றால், ஏற்கெனவே ஒரு தொழிலில் நிற்கிறவர்களுக்கு. பாலர் பள்ளியில் பத்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு, மோடுலில் வரும் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பிள்ளையின் முகம் நினைவுக்கு வரும். டிப்ளோமா முடித்துப் பதிவு பெற்ற தாதி வேலையில் இருந்துகொண்டே பட்டம் வாங்கலாம். ஆனால் புதிதாகத் தாதியாக வேண்டும் என்கிற பெண்ணுக்கு இந்த வழி உதவாது. மருத்துவமனைப் பயிற்சியை வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாதே!

எஸ்.பி.எம். சரியாக அமையாதவர்கள் "எனக்கெல்லாம் எங்கே இடம்" என்று ஒதுங்கிவிடுவதும் தவறுதான். வேலை அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொள்ளும் ஏப்பல் என்ற வழி இருக்கிறது. பட்டப்படிப்புக்கு 21 வயது நிரம்பி, அந்தத் துறையோடு தொடர்புள்ள அனுபவம் இருந்தால், தேர்வு எழுதி, அனுபவத்துக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டி நுழையலாம். இங்கேதான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், ஒருநாள் பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழ் எதையும் பத்திரப்படுத்துவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்த ஒருவரிடம் அதை நிரூபிக்க ஒரு தாள்கூட இல்லாமல், பழைய முதலாளியைத் தேடி அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். படிக்கும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் ஒரு ஃபைல் வாங்கி எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். ஏப்பல் வழியாகச் சேர்ந்து பெறும் பட்டத்தை நீங்கள் குறிவைத்திருக்கும் வேலையில் ஏற்பார்களா என்பதையும் முன்பே எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

"தபால்ல வாங்குற பட்டம்தானே" என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பினாங்கில் உள்ள அரசாங்கப் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம். 1971-லேயே தொலைநிலைப் படிப்பைத் தொடங்கிவிட்டது. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதற்காகவே ஏற்பட்டவை. பயப்பட வேண்டியது வேறு ஆளுக்கு: வாட்ஸ்அப்பில் "ஆறே மாதத்தில் டிகிரி" என்று அனுப்புகிறவருக்கு. மேலே சொன்ன கணக்கின்படி 120 கிரெடிட் என்பது 4,800 மணி நேரம். ஆறு மாதத்தில் அது முடியுமா என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசியத் தகுதி முகமையின் இணையப் பதிவேட்டில் கல்லூரியின் பெயரை மட்டும் தேடாமல், அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயரையும் தேடுங்கள். காசு செலவில்லை, ஐந்து நிமிட வேலை.

மொழி விஷயத்தில் வெட்கம் வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு மலாய் மொழியில் இடைநிலைப்பள்ளி என்று வந்தவருக்கு ஆங்கில மோடுல் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் எடுக்கலாம். வாரம் 8 மணி நேரம் என்ற கணக்கு அங்கேயே பன்னிரண்டாகிவிடும். மலாயில் நடக்கும் படிப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கௌரவத்துக்காக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துத் தனியாகத் தவிக்காதீர்கள்.

கல்யாணமான பெண்களுக்கு ஒன்று. வீட்டில் யாருக்கும் தெரியாமல் சேர்ந்து, எல்லாரும் தூங்கிய பிறகு படிக்கலாம் என்று தொடங்காதீர்கள். பதினோரு மணிக்கு மேல் கைப்பேசித் திரையில் படிப்பது ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. எந்த இரண்டு மணி நேரத்துக்குக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று மாமியாரிடமும் கணவரிடமும் பேசி முடித்துவிட்டுப் பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு வேலை. ஈப்போ நகருக்குப் போகும்போது பல்கலைக்கழகத்தின் கல்வி மையத்தில் நுழைந்து, நீங்கள் சேர நினைக்கும் படிப்பின் ஒரு மோடுலையும் பழைய அசைன்மென்ட் கேள்வி ஒன்றையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் நகல் எடுத்து வந்து, வேலை முடிந்து களைத்து வரும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு அதோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை பக்கம் ஓடியது என்று எழுதி வைத்துக்கொண்டு, எத்தனை பாடம் எடுப்பது என்று அதை வைத்து முடிவு செய்யுங்கள்.